பக்கத்துக் காம்பரா டிவி

"ஆரம்பிச்சிட்டாங்க!" பிரேமினி பேனாவைக் கொப்பியின் மேல் எறிந்தாள்.

பக்கத்துக் காம்பராவில் டிவி சத்தம் திடீரென்று ஏறியிருந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும் ஒற்றை அறை வீடுகளான காம்பராக்களின் இடைச்சுவர் கூரை வரை எட்டாது. மேலே விட்ட இடைவெளி வழியாக மேளமும் வசனமும் அழுகையும் ஒன்றாக வந்து கொட்டின.

ஜீவராணி ரொட்டியைப் புரட்டியபடி மகளைப் பார்த்தாள். ஏ.எல். எனும் உயர்தரப் பரீட்சை நெருங்கிவிட்டது. டியூஷன் சார் பாடத்தைப் பேசிப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அதைக் கேட்கப் பிரேமினியிடம் இருந்தது நடைபாதைக் கடையில் வாங்கிய மலிவு ஹேண்ட்ஸ்ஃப்ரீ. அதில் ஒரு காதுதான் வேலை செய்தது, அதுவும் வயரை மடித்துப் பிடித்தால்.

"சார் பேசுறதே கேக்கலம்மா. நாடகத்துல எவளோ அழுவுறதுதான் கேக்குது."

"நாடகத்துல என்னைக்குத்தான் சிரிச்சாளுங்க?" ஜீவராணி கரண்டியால் சுவரைத் தட்டினாள். "கஜேந்திரா! புள்ள படிக்குதுப்பா!"

சத்தம் இன்னும் கொஞ்சம் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை ஜீவராணி தலவாக்கலை டவுனுக்குப் போனாள். போன் கடைக்காரர், காது முழுவதையும் மூடும் ஹெட்போன் ஒன்றை எடுத்து அவள் தலையிலேயே மாட்டிவிட்டார். எதிரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு 'ஹட்டன், ஹட்டன்' என்று கத்தியவனின் வாய் மட்டும் அசைந்தது. தகரக் கூரையில் பெய்த மழை சட்டென்று விட்டது போல இருந்தது அவளுக்கு. கழற்ற மனம் வரவில்லை.

விலையைக் கேட்டதும் கழற்றினாள்.

"அப்ப கொறஞ்ச வெலையில ஒண்ணு காட்டவா அக்கா? எல்லாரும் அதத்தான் எடுக்கிறாங்க."

"அது எதுக்குங்க? அதுதான் எங்ககிட்ட இருக்கே."

கொழும்பில் கடை வேலை செய்யும் கணவனுக்குப் போன் போட்டு, எடுக்கட்டுமா என்று கேட்டாள். "நீயே பாத்து முடிவு பண்ணு" என்றுவிட்டு வைத்துவிட்டான். முடிவு பண்ண அவள் கையில் என்ன இருந்தது? அடுத்த பஸ்ஸில் வெறுங்கையோடு ஏறினாள்.

தோட்டத்து வாசலில் தொழிற்சங்கத் தலைவர் சூசைரட்ணம் நின்றிருந்தார். அவரிடமும் டிவித் தொல்லையைச் சொல்லிப் பார்த்தாள்.

"ஒரே கூரைம்மா, அனுசரிச்சுப் போகணும். ஒருத்தன் வீட்டுல டிவி பாக்குறதுக்கெல்லாம் நான் வந்து பஞ்சாயத்துப் பண்ண முடியுமா?"

மறுநாள் தேயிலை மலையில் கொழுந்து பறிக்க, அவளுக்குப் பக்கத்துச் செடி நிரை கஜேந்திரனின் மனைவி நாகலெட்சுமிக்கு.

"ஏன்டி, ஒங்க வீட்டு டிவிக்குத்தான் காது செவிடா, இல்ல ஒங்களுக்கா?" என்றாள் ஜீவராணி.

சுற்றி நின்று கொழுந்து பறித்தவர்கள் சிரித்தார்கள். நாகலெட்சுமியும் சிரித்தாள். தலையில் கட்டியிருந்த துண்டைக் கன்னத்தோரம் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நேத்து நாடகத்துல எவடி அந்த அழுவை அழுதா? புருசன் செத்துட்டானா?"

"தெரியலக்கா. நான் பாக்கல."

"பாக்காமத்தான் அம்புட்டு சத்தமா வைக்கிறீங்களாக்கும்! இங்க பாரு, வெளையாட்டுக்குச் சொல்லல. ஏ.எல். கோட்ட விட்டா எம் புள்ள அடுத்த வருசம் இந்த நெரையில வந்து நம்ம பக்கத்துல நிக்கும். நல்ல ஹெட்போன் வாங்க எங்களுக்கு வழியில்ல. நீங்கதான் டிவியக் கொறைக்கணும்."

நாகலெட்சுமி, கொழுந்தின் மேல் நின்றுவிட்ட விரல்களை எடுத்துக்கொண்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

அன்று மாலையும் சத்தம் ஏறியது. ஜீவராணி மாவுக் கையோடு போய்ப் பக்கத்துக் கதவைத் தட்டினாள். உள்ளே தாழ் போட்டிருந்தது. இன்னும் பலமாகத் தட்டினாள். டிவிதான் பேசியது, மனிதர் யாரும் பேசவில்லை.

திரும்பி வந்தபோது பிரேமினி இரண்டு காதுகளையும் கைகளால் பொத்திக்கொண்டு புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கமும் புரளவில்லை.

அந்த வாரக் கடைசியில், கஜேந்திரன் வேலை விட்டு வருவதற்கு முன்னால், நாகலெட்சுமி வந்தாள். வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாள். மடியிலிருந்து ஒரு பையை எடுத்தாள். ஜீவராணி கடையில் மாட்டிப் பார்த்தது போலவே, காதை முழுக்க மூடும் ஹெட்போன்.

"கொழும்புல இருக்க எந் தம்பிகிட்ட சொல்லி எடுப்பிச்சேன்க்கா. புள்ளைக்கு."

பிரேமினியின் கண்கள் விரிந்தன. ஜீவராணிக்குத்தான் சுருக்கென்றது.

"எதுக்குடி இந்தச் செலவு? நாங்க என்ன இதையா கேட்டோம்? அந்த டிவியக் கொஞ்சம் கொறச்சா போதாதா?"

நாகலெட்சுமி ஹெட்போனைப் பிரேமினியின் தலையில் மாட்டினாள். இரண்டு காதும் நன்றாக மூடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். பாடத்தைப் போடச் சொல்லிச் சைகை காட்டினாள். பிள்ளை தலையாட்டத் தொடங்கிய பிறகுதான் ஜீவராணியின் பக்கம் திரும்பினாள்.

"கொறச்சா, அவரு என்னைய அடிக்கிற சத்தந்தான் கேக்கும்க்கா."