டம்மி வரி

"அந்த வரியை யாரைக் கேட்டு எடுத்த?"

பல் டாக்டர் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒலிப்பதிவு அறைக்குள் நுழைந்திருந்தாள். காலையில் புதுப் பாட்டைப் போனில் கேட்டதிலிருந்து அவளுக்குக் கோபம் ஆறவே இல்லை. கன்னம் வீங்கி வந்த ஒருவரைக் கிளினிக்கில் அப்படியே உட்காரவைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

கிதாரைத் துடைத்துக்கொண்டிருந்த அவளுடைய வருங்காலக் கணவன் நிமிர்ந்தான். "எந்த வரி?"

"'இருட்டுக்குப் பயப்படாதே கண்ணே, விடியும்வரை ஆனாலும் இங்கேயே இருப்பேன்.' அதை எடுத்துட்டு என்னத்தைப் போட்டிருக்க? 'நாளை என்பது பொய்யடி, நானும் நீயும் புகையடி.' அடுத்த வாரம் கல்யாணத்தை வச்சுக்கிட்டு, நான் புகையா?"

"பாட்டுதானே? ராக் கேக்குற பசங்களுக்கு நம்பிக்கையெல்லாம் ஒத்துவராது. நாளைக்கு என்ன ஆகுமோங்கற பயம்தான் ஓடும். பாடலாசிரியர் விவரம் தெரிஞ்சு எழுதியிருக்கார்."

"அப்ப பழைய வரி?"

"அது டம்மி."

மெட்டுக்கு அளவு பார்க்க வாயில் வந்ததைப் போட்டுப் பாடுவோம், நிஜ வரி வந்ததும் தூக்கிப் போட்டுவிடுவோம் என்று, குழந்தைக்குப் பல் தேய்க்கச் சொல்லித்தருகிற மாதிரி அவளுக்கே விளக்கினான்.

"டம்மியா? வெளியூர்ல அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி வேலை கிடைச்சுது. எங்கம்மா தலைபாடா அடிச்சுக்கிட்டாங்க. இந்த ஒரு வரியை நம்பித்தானே வேண்டாம்னு சொன்னேன்?"

"உனக்காக எழுதினேன்னு நான் எப்பவாவது சொன்னேனா?"

சொல்லவில்லைதான். மறுக்கவும் இல்லை. அவள் அந்த வரியைச் சொல்லி உருகியபோதெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். எவ்வளவு பெரிய அநியாயம் இது?

"அப்ப யார் எழுதினது?"

அவன் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவனைக் காட்டினான். குழுவில் அவனுக்கு 'இடி' என்று பெயர். டிரம்ஸ் போடும் சத்தம்தான் இடி, ஆளுக்கு வாயே கிடையாது.

டாக்டர் திரும்பிப் பார்த்தாள். ஏறியிருந்த கோபம் சட்டென்று இறங்கியது. தப்பான ஆளை நம்பிவிட்டோம், சரியான ஆள் இதே அறையில்தான் இருந்திருக்கிறான் என்று தோன்றியது. அவளையறியாமல் கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"நீங்களா? யாரை நினைச்சு எழுதினீங்க?"

"ஐயோ, நான் எங்க எழுதினேன் டாக்டர்?" இடி குச்சிகளைக் கீழே வைத்தான். "மெட்டுக்கு வார்த்தை கிடைக்காம வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். நீங்க இவரைப் பார்க்க வந்தீங்க. எங்க வேனுக்கு அடியில ஒரு பூனைக்குட்டி மாட்டிக்கிட்டுக் கத்திச்சு. கொட்டற மழையில தரையில படுத்துக்கிட்டு நீங்க அதுகிட்ட சொன்னதுதான் அந்த வரி. சொன்ன மாதிரியே, அது வெளிய வர்ற வரைக்கும் நீங்க அங்கேயே இருந்தீங்க."