உப்புக் கை

"மூண்டாந்தரமும் எரிஞ்சு போச்சு, தம்பி. கரையிலை பதினெட்டு வள்ளம் ஐஸ் இல்லாமல் நிக்குது."

குருநகர் ஐஸ் தொழிற்சாலையின் முதலாளி அடைக்கலநாதன் கத்தவில்லை. கத்தியிருந்தாலாவது குகதாசன் பதிலுக்குக் கத்தியிருப்பான்.

எரிந்தது மோட்டரை ஓட்டும் இன்வேட்டர். அதற்குள்ளே அறுநூறு வோல்ட்டைத் திறந்து மூடும் சிலிக்கன் சுவிச்சுகள். எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று அவற்றுக்குச் சொல்வது உள்ளங்கையளவு கொன்ட்ரோல் போட், ஒரு மின்சுற்றுப் பலகை. அது குகதாசன் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள தன் கடையில் செய்தது. கொழும்புச் சாமானைவிட என்னுடையது திறம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் அவன்.

"ஜெறோம் எங்கை, அண்ணை?"

"அவனை நேற்றே நிப்பாட்டிப்போட்டன்."

குகதாசனுக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். ஜெறோம் மெசின் பார்க்கிறவன். முதல்தரம் எரிந்தபோதே, "உப்புக் கையோடை பெட்டியைத் திறந்திருக்கிறான்" என்று முதலாளியிடம் சொன்னது குகதாசன். உப்பு ஈரம் பட்டால் கரண்ட் பாயும். இரண்டாந்தரமும் அதையே சொன்னான். ஜெறோம் வாயே திறக்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். மூன்று பிள்ளைகளின் தகப்பன். பாவம்தான், அதற்காகப் பிழையைப் பிழை என்று சொல்லாமல் விடலாமா?

இன்வேட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தான்.

கொன்ட்ரோல் போட்டின் நடுவே விரலகலத்துக்கு வெறும் இடம் உண்டு. ஒரு பக்கம் ஐந்து வோல்ட், மறுபக்கம் அறுநூறு. ஒன்றை மற்றது தொடக்கூடாது என்று அவனே பார்த்துப் பார்த்து விட்ட இடைவெளி. அதற்குக் குறுக்கே மஞ்சளாக ஏதோ வடிந்து கருகியிருந்தது. நகத்தால் சுரண்டி மூக்கருகே பிடித்தான்.

சந்தனம்.

வேலை முடிந்ததும் பிள்ளையாரை நினைத்து ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் கரண்டைப் போடுவான். மற்ற இடமெல்லாம் சாமான் நெருக்கம். கை தானாக அந்த வெறும் இடத்துக்குப் போயிருக்கிறது. வேறெங்கும் அது காய்ந்துவிடும். ஐஸ் தொழிற்சாலை ஈரத்தில் எங்கே காய்வது? மூன்று தரமும் அவனே வைத்து, அவனே எரித்திருக்கிறான். படித்த படிப்பெல்லாம் எங்கே போனதோ.

காது மடல் சுட்டது. துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? துணியை எடுத்தும் விட்டான். ஜெறோம் நிலத்தைப் பார்த்து நின்றது கண்ணுக்குள் வந்தது. துணியைக் கீழே போட்டான்.

"அண்ணை, ஜெறோமைத் திரும்பக் கூப்பிடுங்கோ. பிழை அவனிலை இல்லை, என்னிலை. நான் வைச்ச சந்தனப் பொட்டுத்தான் கரண்டைக் கடத்திச் சுவிச்சை எரிச்சது. சொல்லவே வெக்கமாக் கிடக்கு. நான் உப்புக் கை எண்டு சொன்னபடியாலைதானே அவனுக்கு வேலை போனது."

அடைக்கலநாதன் மெல்லக் கதிரையில் இருந்தார்.

"உப்புக்கெல்லாம் ஆளை நிப்பாட்டினால் குருநகரிலை ஆர் தம்பி வேலை செய்யிறது?" அவர் குகதாசனின் முகத்தைப் பார்க்கவில்லை. "சந்தனத்தாலைதான் எரியுது எண்டு நேற்று அவன்தான் வந்து சொன்னவன். மற்றவையின்ரை சாமியைப் பழிக்கிறியோ எண்டு கன்னத்தைப் பொத்தி அடிச்சு, நான்தான் துரத்திவிட்டனான்."