வெள்ளைக் குட்டி

அவள் எவர்சில்வர் தட்டை வேண்டுமென்றே கீழே போட்டாள்.

தட்டு சமையலறைத் தரையில் சுழன்று சுழன்று இரைந்துவிட்டு அடங்கியது. மேசைக்கடியில் துண்டின்மேல் படுத்திருந்த வெள்ளைக் குட்டி வாலைக்கூட அசைக்கவில்லை.

கூடத்திலிருந்து கணவர் என்ன ஆச்சு என்று கேட்டார். கை வழுக்கிவிட்டது என்றாள்.

முந்தாநாள்தான் நாய்ப்பண்ணையிலிருந்து அதைக் கொண்டுவந்திருந்தார்கள். அப்போதிருந்தே அவள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயிறு உப்பியிருக்கிறதே, பூச்சியோ என்று முதலில் பயந்தாள். அப்புறம் மூக்கு காய்ந்திருக்கிறதே என்று. உதட்டைத் தூக்கி ஈறு வெளுத்திருக்கிறதா என்று வேறு பார்த்தாள். தைத்துக் கொடுக்கவேண்டிய பள்ளிச் சீருடைகள் தையல் மெஷின் பக்கத்தில் வெட்டியபடியே கிடந்தன.

கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். குக்கர் விசிலடித்தாலும் அசராமல் தூங்குகிறதே, இதுவல்லவா நாய் என்று அவருக்கு ஒரே பெருமை.

பயத்துக்கு நடுவிலும் அவளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. ஒரு சின்ன உயிரின் நெஞ்சில் கைவைத்து மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்து எத்தனை வருஷமாயிற்று. பால் குடித்துவிட்டுத் தூங்கும் குட்டியின் வாயில் அடித்த வெதுவெதுப்பான வாடை, அப்படியே மகளின் வாடை.

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே மெஷினை மிதித்த நாட்கள் அவை. கொடி முழுக்கச் சின்னச் சின்னத் துணிகள். அடுப்பில் பால் பொங்கி வழியும். கணவர் வேனைத் துடைத்த கையோடு பிள்ளையைத் தூக்க ஓடிவருவார், அவள் அதட்டிக் கழுவ அனுப்புவாள். இவள் எப்போதுதான் வளர்வாளோ என்று அலுத்துக்கொண்டது அப்போது.

வளர்ந்தாள். படித்தாள். வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது.

மறுநாள் கால்நடை மருத்துவரிடம் போனார்கள். வயிற்றில் பூச்சிதான், மருந்து கொடுத்தார். ஈறு நன்றாகவே இருந்தது. அவள் தட்டு விழுந்ததைச் சொன்னாள்.

மருத்துவர் குட்டியை மேசைமேல் சுவரைப் பார்க்க நிறுத்தினார். அதன் தலைக்குப் பின்னால் பலமாகக் கைதட்டினார்.

கணவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்த்தார் மருத்துவர். விசிலும் அடித்துப் பார்த்தார். இரண்டு காதும் கேட்கவில்லை, பிறவியிலேயே வந்தது, உடம்பெல்லாம் வெள்ளையாகப் பிறக்கிற குட்டிகளில் சிலதுக்கு இப்படி ஆவதுண்டு என்றார். பண்ணையில் சொன்னால் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள் என்று ஆறுதலும் சொன்னார்.

வேனில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார் கணவர். அவள் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். பாதி வழியில், இந்த வயசில் நம்மால் ஆகுமா என்று மட்டும் சொன்னார். வண்டி பண்ணைப் பக்கம் திரும்பியது.

பண்ணைக்காரர் நல்ல மனுஷர். கேட்டதும் மனம் நொந்துபோனார். அதே ஈற்றில் பிறந்த இன்னொரு குட்டியைத் திறந்துவிட்டு விசிலடித்தார். பழுப்புத் திட்டுப் போட்ட குட்டி காதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து கணவரின் செருப்பைக் கவ்வியது. அவர் குனிந்து அதைத் தூக்கிக்கொண்டார். ஒரு குறை சொல்ல முடியாத குட்டி.

வெள்ளைக் குட்டி என்னாகும் என்று அவள் கேட்டாள். பின்பக்கம் ஒரு கூண்டில் இருந்துவிட்டுப் போகட்டும், சோறு போடாமலா விடப்போகிறேன் என்றார் பண்ணைக்காரர்.

“கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்காத நாயை வச்சுக்கிட்டு நீங்க என்னம்மா பண்ணுவீங்க?”

அவள் வெள்ளைக் குட்டியைக் கீழே இறக்கிவிட்டாள். அது முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ ஒரு பூச்சியை மோந்தபடி தள்ளிப் போனது.

அவள் கூப்பிடவில்லை. குதிகாலால் பண்ணைக் கொட்டகையின் மரப்பலகைத் தரையை இரண்டு தட்டுத் தட்டினாள். அதிர்வு பட்டுக் குட்டி திரும்பியது. அதன் கண் தன்மேல் விழும்வரை பொறுத்தாள். பிறகு ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோய், உள்ளங்கையை விரித்து மடியைத் தொட்டாள்.

சாப்பிட வா.

அது யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. முன்னொரு நாள் வேறொரு மருத்துவர், மகளின் தலைக்குப் பின்னால் இதேபோலக் கைதட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அன்றைக்குச் சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியுமாகச் சமையலறையில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாங்களாகவே உண்டாக்கிய முதல் வார்த்தை அது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் எல்லாமே கையால்தான். கதை, கணக்குப் பாடம், சண்டை, சமாதானம். மகள் போனபிறகுதான் இரண்டு பேரும் மற்றவர்களைப்போல வாயால் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

குட்டி தயங்கித் தயங்கி வந்து அவள் புடவை ஓரத்தை முகர்ந்தது.

அவள் நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். அவர் பழுப்புக் குட்டியைப் பண்ணைக்காரரிடம் கொடுத்துவிட்டிருந்தார். பழக்கம் விட்டுப்போன அவருடைய விரல்கள் மெதுவாக மேலே எழுந்து, காற்றில் ஏதோ சொல்லின.

அவள் சிரித்துவிட்டாள். பதிலுக்கு அவள் கையும் எழுந்தது.

என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்று புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார் பண்ணைக்காரர்.