தலைவர் வீட்டுப் பாத்தி

“இந்த உரம் நம்ம லயத்துக்கு வேணாம் சேர். லொறியத் திருப்பிக்கிட்டுப் போகச் சொல்லுங்க.”

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகைக்கு முன்னால் நின்று தோட்டத் தலைவர் முத்துலிங்கம் சொன்னதும், விவசாயப் போதனாசிரியர் சுமனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

“என்ன தலைவர் இப்படிச் சொல்றீங்க? டவுன் கழிவுத் தண்ணியச் சுத்திகரிச்சு, அடியில தங்குற சேற்றக் காய வச்சு, சூடேத்திப் பதப்படுத்தின உரம். கோவாவுக்கு வர்ற வேர் வீக்கத்துக்கு நல்லதுன்னுதான் கொண்டாந்தேன்.”

“எவ்வளவு பதப்படுத்தினாலும் கக்கூஸ் தண்ணியில வந்ததுதானே?”

கூட்டத்தில் சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கொழுந்து பறிக்கும் தனுஷிகா சிரிக்கவில்லை.

“தலைவரே, நான் போட்டுப் பாக்குறேனே. கொழுந்துச் சம்பளம் அரிசிக்கே பத்தல. மத்ததெல்லாம் அந்தக் கோவாவ நம்பித்தான் ஓடுது. போன தடவையே பாதி வாடிப்போச்சு.”

“இந்தப் போகம் யாரும் போட வேணாம். சொன்னாச் சொன்னதுதான்.”

தலைவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. லொறி கந்தப்பளை ரோட்டில் திரும்பிப் போனது.

அந்தப் போகம் தனுஷிகாவின் கோவாப் பாத்தியில் ஒரு முட்டைக்கோசுகூட மிஞ்சவில்லை. வெயில் ஏறினால் இலை துவண்டது. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் இஞ்சி மாதிரி வீங்கிக் கிடந்தது. லயத்து வரிசை வீடுகளில் எல்லார் பாத்தியும் அதே கதிதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்குப் புல் அறுக்க ஓடைப் பக்கம் இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மூங்கில் புதருக்குப் பின்னால் தலைவர் புதிதாக ஒரு பாத்தி போட்டிருந்தார். கோவா ஒவ்வொன்றும் உருண்டு திரண்டு நின்றது. வேலியில் தொங்கிக்கொண்டிருந்தவை அன்றைக்கு லொறியில் வந்த அதே உரப்பைகள்.

புல்லை அங்கேயே போட்டுவிட்டு மேலே ஓடினாள். பக்கத்து வீட்டுக் காளியாயியும் இன்னும் நாலைந்து பெண்களும் அவளோடு இறங்கி வந்தார்கள். அதற்குள் முத்துலிங்கமும் வந்து கோவா அறுத்துக்கொண்டிருந்தார்.

“எங்களுக்குன்னா கக்கூஸ் தண்ணி, உங்களுக்குன்னா உரமா தலைவரே?”

முத்துலிங்கம் நிமிர்ந்தார். “ரெண்டு பை மட்டும் ரோட்டுல எறக்கி வச்சேன். போட்டேன். இப்ப என்ன?”

“என்னவா? எங்க செடியெல்லாம் செத்துப்போச்சு. நீங்க மட்டும் நல்லா இருக்கணுமா?” காளியாயி கத்தினாள்.

தனுஷிகா குனிந்து, அறுத்து வைத்திருந்த கோவா ஒன்றை எடுத்தாள். “இத எம் புள்ளைக்குக் கறியாக்கப் போறேன். எங்களுக்கு வந்த உரத்துல வெளஞ்சதுதானே.”

முத்துலிங்கம் பாய்ந்து வந்து அதை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

“ஒண்ணுகூடத் தர மாட்டேன். எல்லாரும் மேல போங்க.”

“சீ! ஒரு கோவா குடுக்க மனசில்ல. நீங்க எல்லாம் ஒரு தலைவரு!” காளியாயி காறித் துப்பினாள்.

அவர் பிடுங்கிய கோவாவைக் குவியலில் வைத்தார். குனிந்து அடுத்ததை அறுக்கத் தொடங்கினார்.

தனுஷிகாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நேரே அவர் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி நாகலெட்சுமி அடுப்படியில் இருந்தாள். பெரிய சட்டியில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. சின்னச் சட்டியில் கோவாச் சுண்டல்.

“நீங்க நல்லா ருசியா ஆக்கித் தின்னுங்கக்கா. எம் புள்ளைக்கு ஒரு கோவா எடுத்ததுக்கு, கையிலருந்து பிடுங்கிட்டாரு உங்க வீட்டுக்காரரு.”

நாகலெட்சுமி அகப்பையைக் கீழே வைத்தாள்.

“எனக்கும் எம் புள்ளைங்களுக்கும் இந்தப் பருப்பு மட்டுந்தான் தனுஷிகா. அந்தக் கோவாவ எங்களத் தொடவே விடல. ‘சுமன் சேர் நல்லதுன்னுதான் சொல்றாரு, ஆனா தின்னப் போறது நம்ம லயத்துப் புள்ளைங்க. இந்தப் போகம் பூரா நான் ஒருத்தனே தின்னு பாக்குறேன், எனக்கு ஒண்ணும் ஆகலேன்னா அடுத்த போகம் எல்லாரும் போடட்டும்’னு சொல்லிட்டு, அவரு மட்டுந்தான் தின்னுக்கிட்டு இருக்காரு.”