ஆளுக்கொரு நகல்

“மேல இருக்கற கூடைப் படத்துல மூணுன்னு காட்டுது. பக்கத்துப் பட்டியல்ல ரெண்டு. பணம் கட்டப் போனா அஞ்சு. இதுல எதைங்க நான் நம்பறது?”

மருந்துக் கடைக்கார அம்மாள் லேப்டாப்பை மேஜையின் நடுவே தள்ளினார். அவருடைய கடைக்கு இணையதளம் செய்து கொடுத்தது இந்தக் கம்பெனிதான்.

“காய்ச்சல் மருந்து ரெண்டு பாட்டில் கேட்டவங்களுக்கு அஞ்சு போயிருக்கு. அவங்க என்னைத்தான் திட்டறாங்க. இன்னிக்கு ஒரு முடிவு தெரியலைன்னா வேலையை வேற கம்பெனிக்குக் கொடுத்துடுவேன்.”

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தத் தளத்துக்கு புரோகிராம் எழுதிய மூவரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்; அவர்களை முறைத்தார். கூடை, தாடிக்காரன் எழுதியது. பட்டியல், கண்ணாடிக்காரியுடையது. பணம் கட்டும் பகுதியை எழுதியவள் மூத்தவள்; எல்லோருக்கும் அக்கா.

“எத்தனை பாட்டில்ங்கற கணக்கைப் பொதுவா ஒரே இடத்துல வைக்கணும். மூணு பகுதியும் அங்க போய்ப் பார்த்துக்கணும். அதை விட்டுட்டு ஏன் ஆளுக்கொரு நகல் வச்சிருக்கீங்க?”

“என்னோட கூடையிலதான் வைக்கணும்னு அப்பவே சொன்னேன் சார். இவங்க கேக்கலை,” என்றான் தாடி.

“நீ யாரு எனக்குச் சொல்றதுக்கு? என் பட்டியலைப் பார்த்துத்தான் நீங்க ரெண்டு பேரும் எடுத்திருக்கணும்,” என்று கண்ணாடி சீறினாள்.

“பணம் வாங்கற இடத்துல இருக்கறதுதான்டா நிஜம். நான் சொன்னபடி செய்யுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்,” என்றாள் அக்கா.

கொஞ்ச நாளாகவே இப்படித்தான். முன்பெல்லாம் ஒரே டப்பாவில் கை விட்டுச் சாப்பிட்டவர்கள். இப்போது மூன்று பேரும் அதிகாரம் பண்ணினார்கள். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. யார் கொடுத்த தைரியமோ தெரியவில்லை.

மேனேஜர் மேஜையைத் தட்டினார்.

“வெட்கமா இல்லை உங்களுக்கு? ஒரு விஷயத்துல உண்மை ஒண்ணுதான் இருக்க முடியும். ஒருத்தர்கிட்ட ஒண்ணு, இன்னொருத்தர்கிட்ட வேற ஒண்ணுன்னு இருந்தா அதுக்குப் பேரு பொய். இதுகூடத் தெரியாம சம்பளம் வாங்கறீங்களே.”

நியாயமான கோபம்தான். கடைக்கார அம்மாளே தலையாட்டினார். ஆனாலும் அவருக்கு ஆறவில்லை.

“சரிங்க, நீங்க திட்டிட்டீங்க. நாளைக்கு மறுபடியும் தப்பு நடந்தா நான் யாரைப் பிடிச்சுக் கேக்கறது?” என்றவர் மூவர் பக்கம் திரும்பினார். “உங்கள்ல லீடர் யாரு? எழுந்திருங்க.”

“அது இப்ப எதுக்கும்மா...” என்று மேனேஜர் குறுக்கே வருவதற்குள், மூன்று நாற்காலிகளும் ஒன்றாகப் பின்னால் நகர்ந்தன.

எழுந்து நின்ற மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மூவரும் சேர்ந்து மேனேஜரைப் பார்த்தார்கள்.

“சார், கதவைச் சாத்திட்டு, ‘நீதான் லீடர், மத்த ரெண்டு பேருக்கும் இப்ப தெரிய வேண்டாம்’னு என்கிட்ட சொன்னீங்களே,” என்றாள் அக்கா. “அதையே இவங்ககிட்டயும் சொல்லி வச்சிருக்கீங்களா?”