கடல் பாடத்தை விட்டவன்

“அந்தக் கடல் பாடத்தை நான் விட்டிட்டன், அப்பா.”

கைத்தொலைபேசியில் மகன் வலன்ரைன் இப்படிச் சொன்னதும், கொன்ஸ்ரன்ரைன் படகுக்கு வர்ணம் பூசுவதை நிறுத்தினார்.

“ஏன் மகன்? ஏதும் சுகமில்லையோ?”

“சுகமாத்தான் இருக்கிறன். ஜப்பானில மேல்படிப்புக்கு இடம் கிடைச்சிட்டுதெல்லே. இனி அந்தப் பாடம் தேவையில்லை. பட்டத்துக்கு மற்றப் பாடங்கள் காணும். இண்டைக்குக் காலமை பல்கலைக்கழகக் கந்தோரில கடிதம் குடுத்திட்டன்.”

“நேற்றுத்தானே மகன் நான் உனக்குச் சொன்னனான்?”

மறுமுனையில் வலன்ரைன் அவசரப்பட்டான்.

“வகுப்புக்குப் பிந்துது அப்பா. வைக்கிறன்.”

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்ததும் வராததுமாகக் கொன்ஸ்ரன்ரைன் மகனை அழைத்து ஒரு செய்தி சொல்லியிருந்தார். மகனின் பல்கலைக்கழகத்தின் கடல் பாடத்துக்கு மன்னாரில், அவர்களுடைய ஊரான வங்காலையில், ஒரு படகு வேண்டுமாம். பன்னிரண்டு சனிக்கிழமைகள் மாணவர்களை ஏற்றிக்கொண்டு போய், கடற்புல் வளரும் இடங்களைக் காட்ட வேண்டுமாம். மீனவர் சங்கம் கொன்ஸ்ரன்ரைனின் படகைச் சொல்லியிருந்தது.

இழுவைப் படகுகள் அவருடைய வலைகளை அறுத்துக்கொண்டு போய் நான்கு மாதமாகிறது. அன்று தொடக்கம் படகு கரையில்தான் கிடந்தது. இந்த ஓட்டம் கிடைத்தால் புது வலை எடுக்கலாம். அதைவிடப் பெரிய சந்தோஷம், அந்த மாணவர்களோடு மகனும் வருவான் என்பது.

“அப்ப முதல் அந்தப் பாடத்தை ஏன் எடுத்தவன்?” என்று மனைவி மாக்கிறட்டிடம் கேட்டார்.

“கூடுதலா ஒரு பாடம் இருந்தா ஜப்பான்காரர் எடுப்பினம் எண்டு எடுத்தவனாம். இப்ப எடுத்திட்டினமாம்.”

“நத்தார்ப் பண்டிகைக்கு வந்து நிண்டு என்ன சொன்னவன்? நாலு வருசத்தில இந்த ஒரு பாடத்துக்குத்தான் ஆசையா இருக்கிறன் எண்டெல்லே சொன்னவன்?”

“ஓம். எனக்கும் அதுதான் விளங்கேல்லை.”

பக்கத்துப் படகுக்காரன் கிறகரிக்கு உடனே விளங்கிவிட்டது.

“இதில விளங்க என்ன கிடக்கு, அண்ணை? நீங்கள் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு எஞ்சினுக்குப் பக்கத்தில நிப்பியள். கூடப் படிக்கிற பெட்டையள், ‘ஆர் இந்த ஆள்?’ எண்டு கேப்பினம். ஜப்பானுக்குப் போறவன் என்ன சொல்லுவான்?”

“என்ர பிள்ளை அப்பிடியில்லை.”

“அப்ப ஏன் விட்டவன்? உங்கட போட் எண்டு தெரிய முதல் விடேல்லையே?”

கொன்ஸ்ரன்ரைன் மறுபடி தூரிகையை எடுத்தார். பிள்ளை அப்படியில்லைத்தான். ஆனால் வேறு எப்படி என்றும் அவருக்குத் தெரியவில்லை.

அந்தக் கிழமை வலன்ரைன் நாலு தரம் அழைத்தான். அவர் எடுக்கவில்லை. மாக்கிறட்தான் பேசினாள்.

“இஞ்சேருங்கோ, போட்டைக் கட்டாயம் குடுக்கச் சொல்லுறான்.”

“போட்டை நான் குடுக்கோணும். அவன் மட்டும் ஏற மாட்டான். அது என்ன நியாயமாம்?”

“கேட்டனான். ‘என்ர படிப்பெண்டா அப்பா இருக்கிற வீட்டையும் வித்துப்போடுவார், அவரோட கதைக்கேலாது’ எண்டு சொல்லிச் சிரிக்கிறான்.”

“நக்கல் வேறயோ? நான் குடுக்கேல்லை. அந்தப் பிள்ளையளை ஏத்தி இறக்கிற நேரமெல்லாம் என்ர பிள்ளை என்னோட ஏற வெக்கப்பட்டவன் எண்டுதான் நினைப்பு வரும். வலை இல்லாட்டி இல்லாமலே கிடக்கட்டும்.”

சனிக்கிழமை காலை, விரிவுரையாளர் பரமநாதன் கோப்பும் கையுமாகக் கரைக்கு வந்தார். மன்னாருக்குப் புதியவர். ஊரில் யார் யாருடைய பிள்ளை என்பது அவருக்குத் தெரியாது. படகைச் சுற்றி வந்து பார்த்தார். எஞ்சினைப் பார்த்தார். உயிர்காப்பு அங்கி ஒன்றைப் போட்டும் பார்த்தார்.

“நல்ல போட், அண்ணை. வாற சனிக்கிழமை தொடங்குவம்.”

“சேர், நான் உங்களிட்ட ஒண்டு சொல்லவேணும்.”

“சொல்லுங்கோ. அதுக்கு முதல் இந்தப் படிவத்தை முடிச்சிடுவம். இன்னும் ஒரு கேள்விதான்.” தாளைப் புரட்டினார். “இந்தப் பாடம் படிக்கிற பிள்ளையளில ஆரும் உங்களுக்குச் சொந்தமோ?”

“அதை ஏன் சேர் கேக்கிறியள்?”

“சொந்தமெண்டா உங்கட போட்டை எடுக்கேலாது. போன வருசம் ஒரு பிள்ளையின்ர மாமாவின்ர போட்டை எடுத்து, முறைப்பாடு வந்திட்டுது. அதால இந்த வருசம் கண்டிப்பு. போன சனிக்கிழமை வகுப்பிலயும் இதை எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினனான்.”

கொன்ஸ்ரன்ரைன் பேனாவை வாங்கினார். ஆனால் எந்த இடத்தில் கையெழுத்து வைப்பது என்று அவருக்கு உடனே பிடிபடவில்லை. பரமநாதன் விரலால் தொட்டுக் காட்டினார்.

“என்ன அண்ணை, யோசிக்கிறியள்? ஆரும் இருக்கினமோ?”

“இப்ப ஒருத்தரும் இல்லை, சேர்,” என்றார் கொன்ஸ்ரன்ரைன். “திங்கட்கிழமை வரைக்கும் ஒருத்தன் இருந்தவன்.”