செம்பருத்திக் கிளையில் ஒரு முடிச்சு

"யாரோ என் செடியில கை வெச்சிருக்காங்க!"

காலையில் பூப் பறிக்கப் போன மாமியார், வெறும் கையோடு திரும்பி வந்து கத்தினார்.

கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் அடுக்குச் செம்பருத்தி அது. வெளிர் மஞ்சள் இதழ், நடுவில் ரத்தச் சிவப்பு. இந்த வாடகை வீட்டுக்குக் குடிவந்த புதிதில் மாமியாரின் கணவர் தன் கையால் நட்டது. அவர் போய்விட்டார், செடி மட்டும் விடாமல் பூக்கிறது. தெருவில் அதைக் கேட்காத ஆளில்லை. மாமியார் யாருக்கும் ஒரு குச்சிகூடக் கொடுத்ததில்லை.

"கொடுத்தாலும் பிரயோஜனமில்ல. ஒடிச்சு நட்டா துளிர்க்காத ரகம்" என்பார். சொல்லும்போதே முகத்தில் ஒரு திருப்தி.

இப்போது அதன் பின்பக்கக் கிளையில், இலை மறைவில், ஊதாத் துணியால் ஒரு முடிச்சு. அமுக்கினால் உள்ளே ஈரமாக, கொழகொழவென்று ஏதோ.

சமையலறையிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள். "காத்துல ஏதாவது துணி பறந்து வந்து சிக்கியிருக்கும் அத்தை, விடுங்க."

"காத்து முடிச்சுக்கூடப் போடுமா?"

மருமகள் சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

மாமியாரின் சந்தேகம் நேராக எதிர்வீட்டு டெய்லரம்மாவிடம் போனது. போன வாரம்கூடக் கிளை கேட்டவள் அவள்தான். கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்து நிறுத்தினார்.

டெய்லரம்மா பார்த்ததும் சிரித்துவிட்டாள். "இது பதியம்க்கா. பட்டையைச் சுத்திச் சீவிட்டு, ஈர நாரை வெச்சுக் கட்டிடுவாங்க. கிளையிலேயே வேர் விடும். அப்புறம் முடிச்சுக்குக் கீழ வெட்டினா தனிச் செடி."

"இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கியே, அப்போ நீதான்!"

"நான் கேட்டு வாங்கற ஆளு. திருடற ஆளு இல்ல." டெய்லரம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. முடிச்சைத் திருப்பிப் பார்த்தாள். "இந்தத் துணி யாரோடதுன்னு சொல்லட்டுமா? உங்க மருமக பிளவுஸ் தைச்ச மிச்சம். ரெண்டு மாசம் முன்னாடி நான்தான் தைச்சேன், நல்லா ஞாபகம் இருக்கு."

மாமியாருக்குச் சுருக்கென்றது.

சந்தேகத்துக்கு ஒரு நுனி கிடைத்தால் போதும், மீதியை அதுவே இழுத்துக்கொள்ளும். குளியலறைக் கதவுக்குப் பின்னால் புதுத் தொட்டி ஒன்று, கோணி போட்டு மூடி இருந்ததே! இரண்டு நாளைக்கு முன்னால் மருமகள் அளவு டேப்பும் கையுமாக மாமியாரின் அறையில் நின்றதும் ஞாபகம் வந்தது. "சும்மா அத்தை" என்று நழுவினாளே. அறையை எதற்கு அளந்தாள்? செடியோடு சேர்த்து அறையும் போகப்போகிறதா?

மத்தியானம் காதுக்கே விருந்து கிடைத்தது. மருமகள் தன் அம்மாவிடம் போனில் கிசுகிசுத்தாள்.

"நல்லா வேர் விட்டிருக்கும்மா. நாளைக்கு வெட்டிடறேன். அத்தைக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான், தாங்க மாட்டாங்க."

ஓகோ! தாய்வீட்டுக்குப் போகிறதா என் செடி?

மாமியார் காய் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு போனார். முடிச்சுக்குக் கீழே வைத்து ஒரே மூச்சாக அறுத்தார். கிளை கையோடு வந்தது. கூடத்துக்கு வந்து மருமகளின் காலடியில் வீசினார்.

"கொண்டு போய் உங்க அம்மாகிட்ட கொடு!"

மருமகள் பதறிப்போய்க் கிளையை எடுத்தாள். துணியை அவிழ்த்தாள். உள்ளே இருந்த பிளாஸ்டிக் கவர் முழுக்க வெள்ளை வெள்ளையாக வேர். ஒன்றுகூட அறுபடவில்லை. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"நல்லவேளை. சரியான இடத்துலதான் வெட்டியிருக்கீங்க."

"கொழுப்பைப் பாரு! திருடினதுமில்லாம..."

"அத்தை, கொஞ்சம் உக்காருங்க." மருமகளின் குரல் இறங்கியது. "கேட் பக்கம் கார் ஷெட் போடறாராம் வீட்டு ஓனர். திங்கக்கிழமை ஆளுங்க வர்றாங்க. செடியை வேரோட எடுத்துடுவாங்க. உங்க பையன் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்துட்டார், அவர் கேக்கல."

மாமியார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வாசல் பக்கம் பார்த்தார். நாளைக்கு மலர வேண்டிய மொட்டுகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. கண் நிறைந்துவிட்டது.

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"வெறுங்கையோட வந்து எப்படிச் சொல்றது? அம்மாகிட்ட கேட்டுக் கேட்டுத்தான் பதியம் போட்டேன். எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? வேர் விட்டப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

சொல்லிக்கொண்டே குளியலறைப் பக்கம் போனவள், புதுத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நேராக மாமியாரின் அறைக்குள் போய், ஜன்னல் திண்டில் வைத்தாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இடிக்காமல் அது கச்சிதமாக உட்கார்ந்தது.

"அளவெடுத்துத்தான் வாங்கினேன் அத்தை. இனிமே நீங்க படுத்துக்கிட்டே மாமாவோட பூவைப் பார்க்கலாம்."